மூணு தரம் போட்டும் எழும்பாத லேப்டாப்

கார்த்திகை மாதத் தூறல். செங்கோட்டையிலிருந்து வரும் காலைப் பாசஞ்சரில் திருநெல்வேலி ஜங்ஷன் வந்து இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் என் அறைக்கு ஒரு தம்பி வந்தான். ஊர் சேரன்மகாதேவி. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, அதன்மேல் உரச்சாக்கைப் போர்த்தி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்து வந்திருந்தான். மேசையில் இறக்கி வைத்ததும் சொன்னான்:

“அண்ணாச்சி, மூணு தரம் போட்டுப் பாத்துட்டேன். எழும்பவே மாட்டேங்கு.”

போட்டது டெபியன் 12, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். கல்லூரியில் சீனியர் ஒருவர் கொடுத்த பென்டிரைவ். லேப்டாப் அவனுடையது இல்லை, அக்காவுடையது. அக்கா பஜாரில் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கே உண்டு. தை முகூர்த்தத்துக்கு வந்த பத்திரிகை வேலை முழுவதும் இந்த லேப்டாப்பின் டி டிரைவில் கிடக்கிறது. கடையில் இன்னொரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதால் இரண்டு நாள் ஓடிவிட்டது. அக்காவுக்கு விஷயம் தெரியாது. அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

டெபியன் போட எடுத்த முடிவில் தப்பே இல்லை என்று முதலில் அவனிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இந்த லேப்டாப் 2017-இல் வாங்கியது, இன்டெல் ஏழாம் தலைமுறை, ராம் 4 ஜிபி. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு கேட்கும். கடையில் நாலு பேருடைய ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக்கும் வந்துபோகிற ஒரு மெஷினை அப்டேட் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. அது பெரிய விஷயம். டெபியன் 12, 2023 ஜூனில் வந்தது. நீண்டகால ஆதரவு 2028 வரை உண்டு. 4 ஜிபியில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டாப்போடு நன்றாகவே ஓடும்.

நீலம், கறுப்பு, சிவப்பு

லேப்டாப்பைத் திறக்கும் முன்னால் அவனைத்தான் விசாரித்தேன். பூட் ஆகவில்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்ன எழுதியிருந்தது?

“ஏதோ எர்ரர் அண்ணாச்சி.”

“ஏதோங்காத. நல்லா யோசி. முதல் தரம் போட்டதும் என்ன வந்துச்சு? கலராவது நினைவிருக்கா?”

ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். டீ வந்து ஆறுகிற வரைக்கும் யோசித்து எழுதினான். கேஸின் பாதி அந்தத் தாளிலேயே முடிந்துவிட்டது.

முதல் தரம்: சி டிரைவை அழித்து அந்த இடத்தில் டெபியன் போட்டிருக்கிறான். டி டிரைவைத் தொடவில்லை. இன்ஸ்டால் குறையில்லாமல் முடிந்திருக்கிறது. ரீஸ்டார்ட் ஆனதும் வந்தது நீலத் திரை, ‘ரெக்கவரி’ என்ற தலைப்பு, விண்டோஸைச் சரிசெய்யச் சொல்லும் வாசகம்.

இரண்டாம் தரம்: “விண்டோஸ் இன்னும் எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன்.” டிஸ்கின் தொடக்கத்தில் இருந்த 100 எம்பி பகுதியை வேண்டாத மிச்சம் என்று அழித்துவிட்டான். இன்ஸ்டாலர், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதி ஒன்று வேண்டும் என்று கேட்டதால் அதே இடத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கி, மறுபடி போட்டிருக்கிறான். இந்தத் தரம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’.

மூன்றாம் தரம்: யாரோ சொன்னார்கள் என்று மதர்போர்டின் அமைப்பு மெனுவான பயாஸுக்குள் போய், பூட் முறை யுஇஎஃப்ஐ என்றிருந்ததைப் பழைய முறையான லெகசி என்று மாற்றிவிட்டு மீண்டும் போட்டிருக்கிறான். கடைசிக் கட்டத்தில் இன்ஸ்டாலரே சிவப்புத் திரையைக் காட்டி நின்றுவிட்டது. டெபியனை ஏற்றிவிடும் க்ரப் என்ற நிரலை நிறுவ முடியவில்லை, இது தீர்க்க முடியாத பிழை என்ற செய்தி.

மூன்றையும் அவன் ‘பூட் ஆகலை’ என்ற ஒரே வார்த்தைக்குள் அடக்கி வைத்திருந்தான். உண்மையில் மூன்றும் மூன்று வேறு கோளாறு. முதல் கோளாறுக்குச் செய்த வைத்தியத்தில் இரண்டாவது வந்தது. இரண்டாவதுக்குச் செய்ததில் மூன்றாவது. அந்த நீலத் திரையோடு நிறுத்தி என்னிடம் வந்திருந்தால் பத்து நிமிஷ வேலை. விண்டோஸின் பூட் மேனேஜர்தான் அந்த நீலத்தைக் காட்டும். சி டிரைவே இல்லாத மெஷினில் அது எழுந்து வருகிறது என்றால், மதர்போர்டு இன்னும் பழைய வாசலுக்கே போகிறது, புது வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். டெபியன் சரியாகவே உட்கார்ந்திருந்தது.

மடை அடைத்திருந்தால் நாற்றைப் பிடுங்கலாமா

அவன் அப்பா விவசாயி. கன்னடியன் கால்வாய்ப் பாசனம், வயல் கடைமடையில். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவது கன்னடியன். அதனால் நான் இப்படிக் கேட்டேன்:

“பிசானத்துக்குத் தண்ணி வரலைன்னா உங்க அப்பா என்ன செய்வாங்க?”

“கால்வாக் கரையோட மேல நடந்து போவாங்க. எந்த மடைல அடைச்சிருக்குன்னு பாப்பாங்க.”

“நாத்தைப் புடுங்கிப் போட்டுட்டு மறுபடி நட மாட்டாங்கள்லா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “நான் மூணு தரம் நாத்தைப் புடுங்கிருக்கேன் அண்ணாச்சி.”

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வருகிற வரைக்கும் ஐந்தாறு மடை இருக்கிறது. முதலில் மதர்போர்டு சிப்பில் இருக்கும் யுஇஎஃப்ஐ. அதன் நினைவில் ஒரு பட்டியல் உண்டு. எந்த டிஸ்க், எந்தப் பகுதி, எந்தக் கோப்பு, எது முதலில் என்று அதில் எழுதியிருக்கும். பட்டியல் சுட்டுவது டிஸ்கின் இஎஃப்ஐ பகுதியில் உள்ள ஒரு கோப்பை. அந்தப் பகுதி ஃபேட்32 அமைப்பில் இருக்கும், ஏனென்றால் யுஇஎஃப்ஐக்கு எப்படியும் படிக்கத் தெரிந்த அமைப்பு அதுதான். டெபியனில் அங்கே முதலில் ஓடுவது ‘ஷிம்’ என்ற சின்ன நிரல். ஷிம் க்ரப்பை எழுப்பும். க்ரப் ஒரு குட்டி அமைப்புக் கோப்பைப் படித்து, உண்மையான டெபியன் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தேடிப்போய், சிஸ்டத்தின் கருவான கெர்னலையும், அது எழ உதவும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ரேம்எஃப்எஸ்ஸையும் ராமில் ஏற்றும். கெர்னல் எழுந்து, டெபியன் குடியிருக்கும் ரூட் பகுதியைத் திறந்து, மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கும்.

ஒவ்வொரு மடையும் அடைபடும்போது திரையில் வேறு வேறு எழுத்து வரும். க்ரப் மெனு வந்து, தேர்வு செய்த பிறகு திரை இருட்டானால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர். கெர்னல் வரியில் ‘நோமோட்செட்’ சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘இனிட்ரேம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வந்து நின்றால் கெர்னல் எழுந்துவிட்டது, ரூட் பகுதிதான் அதன் கண்ணில் படவில்லை. இன்ஸ்டாலருக்கு டிஸ்கே தெரியவில்லை என்றால் சில லேப்டாப்புகளில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் சேமிப்பு வைக்கப்பட்டிருக்கும், அதை ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். விண்டோஸும் கூடவே இருந்தால் முதலில் அதை சேஃப் மோடுக்குத் தயார் செய்துவிட்டு மாற்றினால்தான் விண்டோஸ் எழும்பும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இரட்டை பூட் மெஷின்கள் பலவற்றில் ‘எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்ட்’ என்ற வரி வந்தது. பழைய ஷிம்மை ஏற்க மறுத்ததால் வந்த வரி அது. இவற்றில் எதற்குமே மறுபடி இன்ஸ்டால் செய்வது மருந்து இல்லை.

முதலில் டி டிரைவ்

எதையும் சரிசெய்யும் முன் அக்காவின் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் டெபியன் லைவை ஏற்றி, முதலில் ஸ்மார்ட்சிடிஎல் வைத்து ஹார்டு டிஸ்கின் உடல்நிலையைப் பார்த்தேன். எட்டு வருஷம் ஓடிய டிஸ்க். மாற்றி ஒதுக்கிய செக்டர் ஒன்றும் இல்லை. நல்ல செய்தி.

டி டிரைவை வேண்டுமென்றே ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் ஏற்றினேன். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாது, கெர்னலைத் தூங்க வைத்துவிட்டுப் போகும். டிரைவ் பாதி திறந்த நிலையில் இருப்பதாகக் குறியும் விட்டுப் போகும். அந்தக் குறியோடு எழுதப் போனால் கோப்புகள் சிதையலாம். இங்கே விண்டோஸை எழுப்பி ஒழுங்காக அணைக்கவும் வழியில்லை, சி டிரைவே போய்விட்டது. அதனால் முழு நகல் என் எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஏறி முடிகிற வரைக்கும் டி டிரைவில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நகலில் பத்துப் பதினைந்து பத்திரிகைக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபின்தான் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டி அந்தக் குறியை அழித்தேன்.

நகல் ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. பையன் அந்த ஒன்றரை மணி நேரமும் சதவிகிதக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். நூறு வந்ததும், “அக்காட்ட இன்னைக்கே சொல்லிருதேன் அண்ணாச்சி” என்றான்.

மறையும் பதிவு

இனி மடை மடையாக நடக்க வேண்டும்.

லைவில் டெர்மினலைத் திறந்து யுஇஎஃப்ஐ பட்டியலைக் காட்டும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையைக் கொடுத்தேன். இந்த சிஸ்டத்தில் இஎஃப்ஐ மாறிகளுக்கு ஆதரவில்லை என்று பதில் வந்தது. அதாவது லைவ் பென்டிரைவே லெகசி முறையில்தான் ஏறியிருக்கிறது. மூன்றாம் தரம் அவன் மாற்றிவைத்தது அப்படியே இருக்கிறது. சிவப்புத் திரைக்கும் காரணம் இதுதான். டிஸ்க் ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டது. லெகசி முறையில் ஜிபிடி டிஸ்கில் க்ரப் உட்கார ‘பயாஸ் பூட்’ என்று ஒரு சின்னப் பகுதி தனியாக வேண்டும். அது இல்லாததால் க்ரப் மறுத்துவிட்டது. மறுத்தது நல்லதுக்குத்தான்.

எஃப்2 அழுத்தி உள்ளே போய் லெகசியை மீண்டும் யுஇஎஃப்ஐ ஆக்கினேன். லைவை மறுபடி ஏற்றி அதே கட்டளை. இப்போது பட்டியல் வந்தது: பென்டிரைவ், நெட்வொர்க் பூட், அவ்வளவுதான். டெபியன் இல்லை. இஎஃப்ஐ பகுதியைத் திறந்து பார்த்தால் உள்ளே ‘டெபியன்’ என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதில் ஷிம், க்ரப், அந்தக் குட்டி அமைப்புக் கோப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கோப்பு இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை.

பெயரை நானே சேர்த்தேன். முதல் டிஸ்க், முதல் பகுதி, டெபியன் ஃபோல்டருக்குள் ஷிம். பட்டியலில் வந்தது, முதல் இடத்திலும் நின்றது. பையன் முகம் மலர்ந்தது. ரீஸ்டார்ட் செய்தேன்.

நோ பூட்டபிள் டிவைஸ்.

லைவை ஏற்றிப் பார்த்தால், நான் எழுதிய பெயர் பட்டியலில் இல்லை.

நிறைய பேர் கை நழுவும் இடம் இது. பதிவு ஏறாமல் போவது வேறு, ஏறிய பதிவு மறைவது வேறு. மறைந்தால் யாரோ அழிக்கிறார்கள். இடையில் ஓடியது மதர்போர்டின் யுஇஎஃப்ஐ மட்டும்தான். சில லேப்டாப்புகளில் யுஇஎஃப்ஐ இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது, தன் மெனு வழியாக ‘நம்பகமானது’ என்று குறிக்கப்படாத கோப்புக்கான பதிவை அடுத்த தரம் எழும்போது தள்ளிவிடும். விண்டோஸின் பெயரை மட்டும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். முதல் நாள் நீலத் திரை வந்ததும் இதனால்தான்.

செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று உடனே சொல்பவர்கள் உண்டு. நான் அதை முதல் வழியாகச் சொல்வதில்லை. டெபியன் 10 வந்த 2019-இலிருந்தே டெபியனின் ஷிம் மைக்ரோசாஃப்டின் சாவியால் கையொப்பமிடப்பட்டு வருகிறது. ஷிம்முக்குள் டெபியனின் சாவி இருக்கிறது, அது க்ரப்பையும் கெர்னலையும் சரிபார்க்கிறது. பூட்டு, சாவி இரண்டும் சரியாக இருக்கும்போது கதவைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை, அதுவும் நாலு பேர் ஆதார் வந்துபோகிற கடையில்.

எஃப்2. செக்யூரிட்டி பக்கம். ‘ஒரு யுஇஎஃப்ஐ கோப்பை நம்பகமானதாகத் தேர்ந்தெடு’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது, ஆனால் மங்கலாக, தொட முடியாதபடி. பையன் அதைக் காட்டி, “இத நானும் பாத்தேன் அண்ணாச்சி, இது வேலை செய்யாது” என்றான். அந்த வரி திறக்க முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் வைக்க வேண்டும். அதே பக்கத்தில் மேலே இருக்கிறது. வைத்ததும் மங்கல் போய் வெளிச்சமானது. உள்ளே போய் ஹார்டு டிஸ்க், இஎஃப்ஐ, டெபியன் என்று இறங்கி ஷிம் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு பெயர் கொடுத்தேன். பெயரை அவனையே வைக்கச் சொன்னேன். ‘சேர்மாதேவி’ என்று ஊர்ப்பேரை ஊர்க்காரர்கள் சொல்கிறபடி வைத்தான். எஃப்10 அழுத்திச் சேமித்து, பூட் பக்கத்தில் அதை மேலே ஏற்றினேன்.

க்ரப் கேட்டது

இப்போது திரையில் வந்தது கறுப்புப் பின்னணி, மேலே இரண்டு மூன்று வரி ஆங்கிலம், அதற்குக் கீழே க்ரப் என்ற பெயரும் ஒரு அம்புக்குறியும். மெனு இல்லை. பையன், “போச்சு” என்றான்.

“போகலைலே தம்பி. இவ்வளவு நேரம் முதல் மடைல நின்னோம். இப்ப நாலாவது மடைக்கு வந்துட்டோம்.”

அந்த அம்புக்குறியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். எனக்கு அது பிடித்த இடம். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். முதலில் எல்எஸ் என்று மட்டும் கொடுத்தேன். டிஸ்க், அதன் ஐந்து பகுதிகள் வரிசையாக வந்தன. டெபியன் இருக்கும் மூன்றாவது பகுதியைக் குறித்து எல்எஸ் கொடுத்தால், அதன் கோப்பு அமைப்பு, கடைசியாக மாறிய நேரம், யுயுஐடி என்ற தனி அடையாள எண் மூன்றும் ஒரே வரியில் வந்தன. அடுத்து கேட் கட்டளையால் இஎஃப்ஐ பகுதியில் உள்ள அந்தக் குட்டி அமைப்புக் கோப்பைத் திறந்தேன். மூன்றே வரி. முதல் வரியில் ஒரு யுயுஐடி.

“ரெண்டையும் வாசி. ஒரே நம்பரா?”

விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தான். முதல் நாலு எழுத்திலேயே இரண்டும் வேறு.

காரணம் அவனே சொன்னான். இஎஃப்ஐ பகுதியில் உள்ள கோப்பு இரண்டாம் தரம் போட்டபோது எழுதப்பட்டது. மூன்றாம் தரம் ரூட் பகுதியை மறுபடி ஃபார்மேட் செய்திருக்கிறான். ஒவ்வொரு ஃபார்மேட்டிலும் புது யுயுஐடி பிறக்கும். மூன்றாம் தரம் லெகசி முறை என்பதால் இஎஃப்ஐ பகுதியை அது தொடவே இல்லை. ஆகவே க்ரப் பழைய வீட்டு நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறது. வீடு அங்கேயே இருக்கிறது, நம்பர் மாறிவிட்டது.

மூன்றாவது பகுதியின் உள்ளடக்கத்தைக் கேட்டேன். பூட், ஹோம், யுஎஸ்ஆர், கெர்னலுக்கும் இனிட்ரேம்எஃப்எஸ்ஸுக்குமான இணைப்புகள் எல்லாம் இருந்தன. சிவப்புத் திரை வந்தது க்ரப் கட்டத்தில். அதற்குள் மற்ற எல்லாம் நிறுவி முடிந்திருந்தது. க்ரப்பின் மெனுக் கோப்பு மட்டும் உருவாகவில்லை. அதனால் கையாலேயே ஏற்ற வேண்டியதுதான். நாலு வரி: ரூட் எது என்று சொல்லும் ஒரு வரி, கெர்னலைச் சுட்டி, ரூட் பகுதி எஸ்டிஏ3 என்று சொல்லும் ஒரு வரி, இனிட்ரேம்எஃப்எஸ்ஸைச் சுட்டும் ஒரு வரி, கடைசியாக பூட் என்ற ஒரு சொல். நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். கெர்னல் வரியில் ரூட்டை விட்டுவிட்டு அடிக்கப் போனவனை ஒரு இடத்தில் நிறுத்தினேன். க்ரப்புக்குச் சொன்ன ரூட் வேறு, கெர்னலுக்குச் சொல்லும் ரூட் வேறு. ஒன்றைச் சொன்னால் மற்றது தெரிந்துவிடாது. அதை விட்டிருந்தால் கெர்னல் எழுந்து ரூட் பகுதி தெரியாமல் நின்றிருக்கும்.

என்டர். வரி வரியாக எழுத்து ஓடி, எலியின் தலைப்படத்தோடு எக்ஸ்எஃப்சிஇ லாகின் திரை வந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மழை விட்டிருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, தொடைமேல் இரண்டு கையையும் அழுத்தி உட்கார்ந்திருந்தான்.

நிலையாக நிற்க

கையால் ஏற்றியது ஒரு தரத்துக்கு மட்டும். மூன்றாம் இன்ஸ்டால் லெகசி முறையில் நடந்ததால் இதில் இருந்தது லெகசிக்கான க்ரப் பேக்கேஜ். என் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் கொடுத்து, யுஇஎஃப்ஐக்கான க்ரப் பேக்கேஜையும் கையொப்பமிட்ட ஷிம்மையும் நிறுவினோம். புதியது ஏறியதும் பழையது தானே விலகியது. இஎஃப்ஐ பகுதியை, எழும்போது எந்தெந்தப் பகுதியைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் சேர்க்க வேண்டும், அதுவும் லெகசி இன்ஸ்டாலில் விட்டுப்போனதுதான். ஃபேட் பகுதியின் யுயுஐடி எட்டே எழுத்து, நடுவில் ஒரு கோடு. ரூட்டின் நீளமான நம்பரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதைச் சேர்த்து, மவுன்ட் செய்து, க்ரப்-இன்ஸ்டால், பிறகு அப்டேட்-க்ரப். குட்டி அமைப்புக் கோப்பைத் திறந்து மறுபடி விரல் வைத்து வாசித்தோம். இரண்டு நம்பரும் ஒன்று.

இன்னொரு காரியமும் செய்தேன், இந்த மாதிரி யுஇஎஃப்ஐ உள்ள மெஷின்களில் எப்போதும் செய்வது. பட்டியலில் எந்தப் பெயரும் இல்லாவிட்டாலும் யுஇஎஃப்ஐ தேடிப் பார்க்கிற ஒரு பொது இடம் உண்டு: இஎஃப்ஐ பகுதியில் ‘பூட்’ என்ற ஃபோல்டர், அதில் ‘பூட்எக்ஸ்64’ என்ற கோப்பு. பென்டிரைவ்கள் பதிவு இல்லாமலே ஏறுவது இந்த வழியில்தான். க்ரப் பேக்கேஜை மறுபடி கான்ஃபிகர் செய்யும்போது, நீக்கக்கூடிய ஊடகங்களுக்கான பாதையிலும் நிறுவட்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று கொடுத்தேன். இனி அந்தப் பட்டியல் அழிந்தாலும் தண்ணீர் வர இன்னொரு வழி இருக்கிறது. வாய்ப்பேச்சாக விடாமல், ‘சேர்மாதேவி’ பதிவை நீக்கிவிட்டு ஏற்றிப் பார்த்தோம். ஏறியது. பதிவைத் திரும்ப வைத்து, சார்ஜரைக் கழற்றி, முழுதாக அணைத்து அணைத்து ஐந்து தரம் போட்டுப் பார்த்தோம். ஐந்தும் ஏறியது.

அக்கா

சொன்னபடி அன்று இரவே அக்காவிடம் சொல்லிவிட்டான். மறுநாள் அவரே வந்தார். தம்பி பின்னால் நின்றான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஒரு விஷயம் மீள வழியில்லை: சி டிரைவோடு, பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் போய்விட்டது. அது டெபியனில் ஓடாது.

“கடைல உள்ள பழைய மெஷின்ல பேஜ்மேக்கர் இருக்கு அண்ணாச்சி. டிசைன் அதுல பாத்துக்கிடுதேன். தை பத்திரிகை பத்திரமா இருக்கா, அத மட்டும் சொல்லுங்க.”

அந்தப் பழைய மெஷினை நெட்டிலிருந்து கழற்றிவிடச் சொன்னேன். பிறகு இந்த லேப்டாப்பில் லிப்ரெஆபீஸ் டிராவில் அவருடைய பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினேன். வடிவம் ஏறக்குறைய வந்தது. எழுத்து மட்டும் முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை; எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் உள்ள ஆங்கிலம் தெரியும். டி டிரைவிலேயே அவர் எழுத்துரு ஃபோல்டர் ஒன்று வைத்திருந்தார். அதிலிருந்து நகலெடுத்துப் போட்டு மறுபடி திறந்ததும், ‘திருமண அழைப்பிதழ்’ என்று வந்தது. கீழே மணமக்கள் பெயர், மண்டபம், பந்தல்கால் நாள். அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து முழுப் பத்திரிகையையும் ஒரு தரம் வாசித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, “இதுல தாய்மாமன் பேருக்கு இனிஷியல் விட்டுப்போச்சு” என்றார்.

கிளம்பும் முன்னால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டைப் பற்றி அழுத்திச் சொன்னேன். அதை மறந்தால் பயாஸுக்குள் போக முடியாது, சர்வீஸ் சென்டர் வரை போக வேண்டிவரும், பழைய பில் எல்லாம் கேட்பார்கள். தம்பி ஃபோனில் குறித்துக்கொள்ளப் போனான். அக்கா அவன் கையைத் தள்ளிவிட்டு, பையிலிருந்து கடையின் பில் புத்தகத்தை எடுத்து, கடைசித் தாளில் பேனாவால் எழுதி, சுற்றி ஒரு கட்டம் போட்டார்.